ஞாயிற்றுக்கிழமைப் பந்துகள்

2025 ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை. காலை 5.40க்கு எழுந்தேன். தேநீர் போட்டேன். வாசற்படிப் பனியை வழித்து உப்புத் தூவினேன். 6.30க்கு மகன் ஆதவன் பல் தீட்டிக்கொண்டிருந்தான். துப்புவதற்குக் குனிய முடியவில்லை. நுரை நாடியால் வழிந்தது.

"என்ன தம்பி?"

"ஒண்டுமில்லை அம்மா. கொஞ்சம் ஸ்டிஃப். வோர்ம் அப் பண்ணினாச் சரி."

நாட்குறிப்பில் 'இடுப்பு விறைப்பு, இடப்பக்கம்' என்று எழுதினேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

ஆதவனுக்கு இருபத்து நான்கு வயது. லண்டனில் பிறந்து ரொறொன்ரோவில் வளர்ந்தவன். ஐந்து வருடங்களாக இங்கிலாந்தில் ஒரு கவுன்டி அணியில் (சம்பளத்துக்கு ஆடும் மாவட்ட கிரிக்கெட் அணி) வேகப்பந்து வீச்சாளன். ஒப்பந்தம் செப்டம்பரில் முடிகிறது. இந்தக் கோடையில் நன்றாக வீசினால்தான் அடுத்தது.

குளிர்காலத்துக்கு வீட்டுக்கு வருவான். வாரந்தோறும் எத்தனை பந்து வீசினான் என்று அணிக்கு அனுப்ப வேண்டும். அவன் மறந்துவிடுவான் என்பதால் அதை நான் பொறுப்பெடுத்தேன். எங்கள் வீட்டுப் பக்கம், மில்லிக்கனில் ஒரு பிளாசாவின் (கடைத்தொகுதி) பின்னால் உள்ள உள்ளரங்கப் பயிற்சி வலைக்குள் அவன் வீசுவான். நான் கதிரையில் இருந்து, பந்துக்கு ஒன்றாகக் கொப்பியில் கோடு போடுவேன். திங்கள் முப்பத்தாறு. புதன் முப்பத்தாறு. வெள்ளி இருபத்து நான்கு. ஒரு பந்தும் தவறவிட்டதில்லை.

எம்.ஆர்.ஐ (காந்தத்தால் எடுக்கும் உட்படம்) முடிவு பெப்ரவரியில் வந்தது. முதுகின் கீழ் முள்ளெலும்பில் ஸ்ட்ரெஸ் பிராக்சர் (ஒரே அடியில் அல்லாமல், திரும்பத் திரும்ப விழும் சுமையால் வரும் வெடிப்பு). டொக்டர் இளம் தமிழ்ப் பெண். என் கணக்கை இரண்டு தரம் பார்த்தார்.

"அன்ரி, இவ்வளவு கொஞ்சப் பந்துக்கு இப்பிடி வெடிக்கக் கூடாது. எலும்பிலயே ஏதும் வருத்தமோ தெரியேல்லை."

ஐந்து வாரம் இரத்தப் பரிசோதனைகள். எலும்பு அடர்த்திப் படம். ஒவ்வொன்றும் சரி என்று வர, அடுத்த பெரிய நோயின் பெயர் வந்தது. பேருந்தில் இருந்தபடியே அந்தப் பெயர்களைத் தேடி வாசித்தேன். வாசிக்காதீர்கள். எலும்பை உறுதியாக்கும் ஊசியை மார்ச் இறுதியில் தொடங்குவதாக முடிவாயிற்று.

அதற்கு முதல் ஞாயிறு என் தம்பி ரவி வந்தான்.

"எலும்பு வருத்தமோ உவனுக்கு? அக்கா, பகிடி விடாதேங்கோ. ஜனவரியில வோபர்ன் டீம்காரரை ஓட ஓட விரட்டினவன். நாள் ஒண்டுக்கு நாலு மட்ச், மட்சுக்கு நாலு ஓவர். கவுன்டிக்காரனை வைச்சுக்கொண்டு பந்தை வேற ஆருக்குக் குடுக்கிறது?"

ரவியின் அணி ஆடும் டேப் போல். ரெனிஸ் பந்தில் ஒட்டுநாடா சுற்றி, வாடகை மண்டபத்தின் சீமெந்துத் தரையில் ஆடுவது. எல்லா ஞாயிறும் நானும் போயிருக்கிறேன். ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோய், அவன் விக்கெட் எடுக்கக் கைதட்டியிருக்கிறேன். கொப்பியோ கைப்பையில் கிடந்தது. எங்களில் ஒருவரும் அதைப் பந்துவீச்சு என்று நினைக்கவில்லை. அது ஞாயிற்றுக்கிழமை, அவ்வளவுதான். பாரமில்லாத பந்தை வேகமாக்க முதுகைத்தான் கூட வளைக்க வேண்டும் என்பது பிறகு தெரிந்தது. பதினான்கு ஞாயிறு. ஆயிரத்து முந்நூற்று நாற்பத்து நான்கு பந்துகள்.

ரவி போனதும் ஆதவன் கதவைச் சாத்தினான்.

"டொக்டருக்குச் சொல்லாதேங்கோ அம்மா. ரிப்போர்ட் டீமுக்குப் போகும். பெர்மிஷன் இல்லாம விளையாடினது எண்டா தே வோன்ட் கீப் மீ. வருத்தம் எண்டா அட் லீஸ்ட் என்ர பிழை இல்லை."

"இல்லாத வருத்தத்துக்கு ஊசி போடுறதோ?"

"போடட்டும்."

திங்கள் 9.15க்கு, அவனுக்குச் சொல்லாமல், டொக்டரிடம் சொன்னேன். அவர் பேனையை வைத்துவிட்டார்.

"அப்ப எலும்பில ஒரு பிழையும் இல்லை அன்ரி. நல்ல எலும்பைத்தான் உடைச்சிருக்கிறியள்."

ஊசி நின்றது. ஆதவன் ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. அதன் பிறகு பேசியதும் தேவைக்கு மட்டும். நான் சரியானதைச் செய்தேனா என்று இந்தப் பக்கத்தை எழுதும்போதும் தெரியவில்லை. உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், டொக்டரிடம் பொழுதுபோக்காகச் செய்ததையும் சொல்லுங்கள். முதல் நாளே சொல்லுங்கள்.

ஜூன் 12, வியாழக்கிழமை. காலையில் புதிய படம்: வெடிப்பு பொருந்திவிட்டது. பின்னேரம் அணியின் மின்னஞ்சல்: ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. காரணம் இரண்டு வரியில் இருந்தது: அனுமதியில்லாமல் ஆடிய ஞாயிற்றுக்கிழமைகள். அவன் அதை எனக்கு வாசித்துக் காட்டினான்.

"இருபத்து நாலு வயசில ரிட்டயர்ட். பென்சன் தருவினமோ அம்மா?"

நான் சிரிக்கவில்லை. அவன் சிரித்தான், பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

வெள்ளி காலை எழுந்ததும் முதலில் அவன் அறைக்குப் போனேன். போர்வைக்கு வெளியே இடது கால் கிடந்தது. வீசும்போது முழு உடம்பும் வந்து விழுகிற கால் அது. பெருவிரல் சப்பாத்தின் முனையில் இடித்து இடித்து, பதினைந்து வயதிலிருந்து அந்த நகம் கறுப்புத்தான். இப்போது அடியிலிருந்து வெளிர்சிவப்பு நகம் வளர்ந்து, கறுப்பு நுனிக்குத் தள்ளப்பட்டிருந்தது. ஐந்து மாதம் என்பது இவ்வளவு நீளம்.

"என்ன பாக்கிறியள்?" என்றான், கண்ணைத் திறக்காமல்.

"நகம் நல்லா வளருது."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவன் காலைத் தூக்கி என் மடியில் வைத்தான்.

"உந்தக் கறுப்பை வெட்டிவிடுங்கோ."

நகவெட்டியை எடுத்துவந்து வெட்டினேன்.