பின்னால் யாரும் தட்டாத மதியம்

யார்டில் என்னை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். சாத்தான்குளத்தில் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தவள், ஹெவி லைசென்ஸ் எடுத்து, தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்ட வந்துவிட்டேன். சொந்தக்காரர்கள் இதைத் துக்கச் செய்தி மாதிரி ஒருவர் காதில் ஒருவர் சொல்லிக்கொண்டார்கள். எனக்கு ஓட்டப் பிடித்திருந்தது. அதற்கு மேல் யாராவது காரணம் கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் என் வீட்டுக்காரர். அவரும் டிரெய்லர் டிரைவர்தான். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வண்டியைக் கொடுத்திருந்தார்கள். ரோட்டில் நான் ஓட்டுவேன். குடோனில் சரக்கு இறக்கும் மேடைக்குக் கன்டெய்னர் பெட்டியைப் பின்னால் எடுக்க வேண்டிய இடம் வந்தால் அவர் இறங்கி வால்பக்கம் போய்விடுவார். எங்கள் தொழிலில் பின்னால் எடுப்பது காதுக்கான வேலை. பின்னால் நிற்கிறவர் பெட்டியின் தகரத்தில் தட்டிக்கொண்டே இருந்தால் வரலாம் என்று அர்த்தம். ஓங்கி ஒரே அறை விழுந்தால் நிறுத்த வேண்டும். டிரைவர் கேபினை விட்டு இறங்கக் கூடாது. இறங்கிப் பார்க்கிறவன் டிரைவரே இல்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சட்டம்.

அவர் தட்டுவார், நான் போவேன். அறைவார், நிற்பேன். கண்ணாடியைப் பார்க்கிறேன் என்றுதான் நானே நினைத்துக்கொண்டிருந்தேன். அது பொய் என்று தெரிந்தது அவர் சவூதி வேலைக்காக மெடிக்கல் எடுக்கச் சென்னைக்குப் போயிருந்த அன்றைக்கு. பின்னால் நிற்க ஆள் இல்லை. ஆனது ஆகட்டும் என்று நானே எடுத்தேன். ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் பெட்டியின் வால் வலப்பக்கம் போகும், இது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் தட்டுச் சத்தம் இல்லாமல் கைக்கு எதுவும் தெரியவில்லை. வண்டி பாதியில் மடங்கி, பக்கத்தில் நின்ற டிரெய்லரின் விளக்கை நொறுக்கிவிட்டு நின்றது.

சூப்பர்வைசர் அண்ணாச்சி திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"டீச்சர், அவரு எப்பம் சவூதிக்குப் போறாரு?"

"விசா வந்தா அடுத்த மாசம், அண்ணாச்சி."

"போறதுக்குள்ள ஒருதடவ தனியா மேடைக்கு விட்டுக் காட்டிருங்க. வண்டி உங்களுக்குத்தான். முடியலன்னா சொல்லுங்க, ஆபீஸ்ல கேட் பாஸ் போடுத வேல இருக்கு. ஃபேனுக்கு அடியில உக்காந்திரலாம்."

நல்ல மனதோடுதான் சொன்னார். அந்த ஃபேன் ஒரு மாதமாக என் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரர் ஒவ்வொரு நாளும் காலையில் பைக்கை எடுக்கும்போதே ஆரம்பித்துவிடுவார். "உன்னால முடியும்ளா. நீ நல்லா ஓட்டுத." துறைமுக ரோடு முழுக்க, உப்புக் குவியல்களைத் தாண்டி, வரிசையில் நிற்கும் டிரெய்லர்களைத் தாண்டி, யார்டு கேட் வரைக்கும் இதே பாட்டு. எனக்கு எரிச்சலாக இருக்கும். நான் வேலை பார்த்த பள்ளியில் கரும்பலகைக்கு மேலே "உன்னால் முடியும்" என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அதற்கு நேர் கீழே நின்றுதான் பிள்ளைகள் வகுத்தல் கணக்குத் தெரியாமல் நடுங்கும். முடியும் என்று சொன்னவுடனே முடிந்துவிடுமென்றால் என்னிடம் படித்த பிள்ளைகள் எல்லாம் இந்நேரம் கணக்குப் புலிகள்.

ஞாயிற்றுக்கிழமை விமானம் என்று உறுதியானது. சனிக்கிழமை மதியம் அண்ணாச்சி கூப்பிட்டுவிட்டார்.

மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று யார்டின் புழுதியை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. மேடையில் இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவே ஒரு இடம் காலியாக இருந்தது. என் பெட்டி அதற்குள் போக வேண்டும். பெட்டியின் பின்கதவுகளைத் திறந்து இரண்டு பக்கமும் மடித்துக் கட்டியாகிவிட்டது. டீ குடிக்க ஒதுங்கிய டிரைவர்கள் சுவர் நிழலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சினிமாவுக்கு வந்தவர்கள்கூட அவ்வளவு ஆர்வமாக உட்காரமாட்டார்கள்.

கேபினில் ஏறினேன். கிளட்சில் வைத்த கால் தையல் மிஷினை மிதிப்பதுபோல் ஆடியது. கியரைப் போட்டேன். வண்டி நகர்ந்த அடுத்த நிமிடமே அந்தச் சத்தம் கேட்டது. தட், தட், தட்.

கண்ணாடியில் பார்த்தால் அவர். தூரமாக நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவர் பெட்டியோடு ஒட்டி நடந்துகொண்டிருந்தார். அண்ணாச்சி வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பி போனில் பேசிக்கொண்டிருந்தார். நிழலில் இருந்த ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அத்தனை பேரும் சேர்ந்து என்னைப் பாஸாக்கிவிடுவது என்று முடிவு செய்துவிட்டார்கள்.

என் கை அதுவாகவே தளர்ந்தது. ஸ்டியரிங் அதுவாகவே ஒடிந்தது. வால் சரியாக அந்த இடத்தை நோக்கித் திரும்பியது. எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் வெட்கக்கேடு. இன்னும் கொஞ்சம் தூரம்தான். உள்ளே போய்விட்டால் வண்டி எனக்கு.

திங்கட்கிழமை?

திங்கட்கிழமை இதே இடத்தில், முழுச் சரக்கோடு, பின்னால் தட்ட ஆள் இல்லாமல், பக்கத்து வண்டிக்கும் பெட்டிக்கும் நடுவே யாராவது நிற்கிறார்களா என்றுகூடத் தெரியாமல் நான் மறுபடியும் விளக்கையோ மனுஷனையோ நொறுக்குவேன். கேட் பாஸ் வேலையாவது ஒருவரையும் கொல்லாது. பிரேக்கை மிதித்தேன்.

தட்டு நிற்கவில்லை. வேகம்தான் கூடியது. வா, வா, இடம் இருக்கிறது, எதற்கு நிற்கிறாய் என்று அந்தத் தட்டு என்னைத் திட்டியது. நான் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினேன்.

"டீச்சர் இறங்கிட்டாவ," என்று நிழலில் ஒரு குரல். மற்றவர்கள் சிரித்தார்கள். காதெல்லாம் சுட்டது.

நான் பின்பக்கம் நடந்தேன். அவர் முகம் சிவந்திருந்தது.

"ஏளா, என்ன செய்யுத? சரியாத்தான வந்துக்கிட்டிருக்க? இந்தப் பக்கம் ஒரு சாண் இருக்கு."

"இருக்கட்டும். நான் பாத்துக்கிடுதேன்."

"அப்பம் என்னய நம்பலையா?"

"உங்கள நம்பித்தான் அத்தான் இவ்வளவு நாளும் ஓட்டுனேன். நீங்க கேட்டுக்கு வெளிய போய் நில்லுங்க."

அவர் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கேட்டை நோக்கி நடந்துபோனார். நாளைக்கு விமானம் ஏறப்போகிற மனிதரை அத்தனை பேர் முன்னால் விரட்டியிருக்க வேண்டாம் என்று மனது அடித்துக்கொண்டது. கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வந்துவிடுவார்.

வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். வலப்பக்கம் அவர் சொன்ன ஒரு சாண் இருந்தது. இடப்பக்கம் ஆள் நடக்கிற அளவுக்கு இருந்தது. பெட்டி முட்டுவதற்காக மேடை விளிம்பில் வைத்த ரப்பர் எங்கே இருக்கிறது, மடித்த கதவு எதுவரை நீட்டிக்கொண்டிருக்கிறது, எல்லாவற்றையும் பார்த்தேன். கேபினிலிருந்து இவை எதையும் நான் பார்த்ததே இல்லை.

ஏறினேன். கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது. கால் ஆடினால் எனக்கு ஓட்ட வராது என்று அதுவரை நினைத்திருந்தேன். ஆடட்டும், கிளட்சை விடாமல் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டேன். மெதுவாக எடுத்தேன். வால் தேவைக்கு மேல் திரும்பியது. வலப்பக்கக் கண்ணாடியில் அந்த ஒரு சாண் இரண்டு விரலாகச் சுருங்கியது. நிறுத்தி, முன்னால் இழுத்து, வண்டியை நேராக்கினேன். திரும்பவும் இறங்கினேன்.

இந்தத் தடவை வாய்விட்டே சிரித்தார்கள். "நாளைக்கு சர்ச்சுல பிரசங்கம் முடியதுக்குள்ளயாவது டீச்சர் விட்டுருவாவளா?" என்று ஒருவர் கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஒரு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். வாயைத் திறந்தால் அழுகை வரும்போல் இருந்ததால் கொடுக்கவில்லை. எங்கே தப்பாகத் திரும்பியது என்று டயர்த் தடத்தைப் பார்த்தேன். நான் சீக்கிரமே ஒடித்திருந்தேன். அவ்வளவுதான் விஷயம். இன்னும் ஒரு டயர் தூரம் போன பிறகு ஒடித்திருக்க வேண்டும்.

அடுத்த தடவை அப்படியே செய்தேன். பெட்டி இரண்டு வண்டிகளுக்கு நடுவே நுழைந்தது. இடப்பக்கக் கண்ணாடியில் தகரம் மட்டும்தான் தெரிந்தது. ஆனால் அதற்கு அந்தப்புறம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், நான்தான் அங்கே நடந்து வந்தேனே. பின்னால் ஒரு சத்தமும் இல்லை. காற்று மட்டும். ஓடி ஓடிக் கண்ணாடிகளைப் பார்த்த கண் எரிந்தது. பிறகு ரப்பரில் முட்டிய மெல்லிய அதிர்வு இருக்கை வழியாக முதுகுக்கு வந்தது. இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்மேல் தலையை வைத்துக்கொண்டேன்.

நிழலில் யாரும் கைதட்டவில்லை. டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்கள்.

கேட்டுக்கு வெளியே அவர் எங்களுக்கு முதுகு காட்டி, உப்பளத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனதும் திரும்பினார்.

"எங்கன இடிச்ச?"

முடிந்ததா என்று கேட்கவில்லை. எங்கே இடித்தாய் என்றுதான் கேட்டார். இத்தனை நாள் பைக்கில் முடியும் முடியும் என்று சொல்லிக்கொண்டே வந்த மனிதர். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த நொடியே அவர் முகத்தைப் பார்த்தேன், சட்டைக் காலர் முழுக்க வேர்வை.

"இடிக்கல. போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தார். வலப்பக்கம் அந்த ஒரு சாண் இடைவெளியில் கையை விட்டுப் பார்த்தார். மேடையின் ரப்பரைத் தடவிப் பார்த்தார். திரும்பி வந்து என் முன்னால் நின்றபோது கண் கலங்கியிருந்தது.

"பயமா இருந்துச்சுளா. நின்னு பாக்க முடியல."

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு, அத்தான்," என்றேன். "நான் பாத்துக்கிட்டுல்லா இருந்தேன்."

அதற்குள் அண்ணாச்சி போனை வைத்துவிட்டு, அடுத்த பெட்டியைக் காட்டி எனக்குக் கையசைத்தார்.