இரண்டரைக் கிலோ

பாகாஸ் என்றால் நம் ஜாவா மொழியில் திடகாத்திரமானவன். பிள்ளையைப் பார்க்காமலே வைத்த பெயர், என்ன செய்ய! மாதம் முழுசாக நிறைந்து பிறந்தவன், தராசில் போட்டால் ஒன்றே முக்கால் கிலோதான் இருந்தான். தொடை இருக்க வேண்டிய இடத்தில் சுருங்கின தோல்.

"இது குறைமாசப் பிள்ள இல்ல. உள்ள நஞ்சுக்கொடி சரியா ஊட்டல, அவ்வளவுதான். நீ எந்தத் தப்பும் பண்ணல" என்று மருத்துவச்சி ரெத்னோ படித்துப் படித்துச் சொன்னாள். பெற்றவள் விந்தார்த்தி அதை நம்பவில்லை. நம்ப விட்டால்தானே! வயிற்றில் பிள்ளை இருந்தபோது, "ஐஸ் தண்ணி குடிக்காத, பிள்ள பெருத்துடும், வெளிய வராது. சோத்தக் கொறச்சுப் போட்டுக்க" என்று தட்டைப் பிடுங்காத குறையாக நின்ற நாத்தனார் குஸ்மியாத்தி, பிறந்த பிறகு, "ஒழுங்காத் தின்னிருந்தா இப்படி எலிக்குஞ்சு மாதிரி வந்திருக்குமா?" என்றாள். இதற்கு என்ன பதில் சொல்ல? நாத்தனார் வீட்டில் இருந்துகொண்டு, நாத்தனார் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு? கட்டியவன் பார்யோனோ கடல் தாண்டி, கலிமந்தானில் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறான்.

சும்பிங் மலையடிவாரக் குளிர் பெரியவர்களையே நடுங்க வைக்கும். அதனால் ரெத்னோ பிள்ளையை வெறும் உடம்போடு விந்தார்த்தியின் மார்பில் சாய்த்து, மேலே பாட்டிக் துணியால் இறுக்கிக் கட்டினாள். "ரெண்டரைக் கிலோ வர்ற வரைக்கும் எறக்காத. தூங்குறப்பவும் இப்படியே சாஞ்சுக்க. உன் சூடுதான் அவனுக்கு மருந்து."

அன்றைக்குக் கட்டியதுதான். குனிய முடியாது, புரண்டு படுக்க முடியாது, ஒரு வாளித் தண்ணீர் தூக்க முடியாது. புகையிலை காயவைக்கப் போகிற பெண்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக் கேலி செய்வார்கள். "என்னடி, உனக்கு இன்னும் பிரசவமே ஆகல போலிருக்கே!" "அட, அடைகாக்குறா! முட்டை எப்பப் பொரியும்?" விந்தார்த்தியும் சிரிப்பாள். சாய்ந்து கிடக்கிற நாற்காலியும் ஜன்னலும்தான் அவள் உலகம் என்று ஆகிப் போயிற்று.

ஒரு நாள் பிள்ளை பால் குடிக்கவில்லை. உடம்பு சில்லிட்டது. ஆஸ்பத்திரியில் போட்டு மீட்டுக்கொண்டு வந்தார்கள். வந்ததும் தெருவே ஒரு குரலாகச் சொன்னது: "பெத்தவ கை இந்தப் பிள்ளைக்கு ஒத்துக்கல. குப்பையில போட்டு வேற கையால எடுங்க." இது நம் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். முறத்தில் பிள்ளையைக் கிடத்தி, வாசலில் குப்பைமேட்டுப் பக்கம் வைத்து, விளக்குமாற்றால் லேசாக ஒரு தள்ளு. வேறொருத்தி வந்து, "ஐயோ, யாரோ பிள்ளையைப் போட்டுட்டுப் போயிட்டாங்களே!" என்று எடுத்துக்கொள்வாள். அப்புறம் பெற்றவளிடமே கொடுத்து, "இது என் பிள்ள. நீ வளத்துக் குடு" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள், பலகாரம் தின்பார்கள், மறந்துவிடுவார்கள்.

விந்தார்த்தி தானே விளக்குமாற்றைப் பிடித்துத் தள்ளினாள். எடுத்தவள் குஸ்மியாத்தி. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் வயிறு திறக்காதவள். "இது என் பிள்ள" என்று சொல்லும்போது எல்லோரும் சிரித்தார்கள், அவள் மட்டும் சிரிக்கவில்லை. கன்னத்தில் கண்ணீர் ஓடியது.

அடுத்த வாரம் வீட்டுக்குத் தொட்டில் வந்தது. பிறகு பால்மாவு டின்கள். பிறகு பார்யோனோவின் போன்.

"அக்கா எல்லாம் சொன்னா. பிள்ளைக்கு ரெண்டரை ஆனதும் நீ கெளம்பி இங்க வந்துடு. கைக்கொழந்தைய வெச்சுக்கிட்டு இந்தக் கொட்டகையில என்ன செய்யறது? பிள்ள அக்காகிட்ட வளரட்டும். எங்க போயிடப் போறான்?"

"அது சும்மா சாங்கியத்துக்குச் செஞ்சதுங்க."

"அக்கா அப்படி நெனைக்கலியே. அவதானடி நமக்கு எல்லாம் செஞ்சா? அவ மனச நோகடிக்கச் சொல்றியா?"

யா அல்லா! பிள்ளை தேற வேண்டும் என்று தொழுதவள் அவள். இப்போது அவன் தேறத் தேற, அவனைப் பிரிகிற நாள் கிட்ட வருகிறது. தவசிக்கீரைக் குழம்பைக் குஸ்மியாத்தி கிண்ணம் கிண்ணமாக ஊட்டுவாள். "சாப்பிடு, பால் சுரக்கும். என் பிள்ள தேறணும்ல?" விந்தார்த்தி விழுங்குவாள். பிள்ளையின் கன்னம் உருண்டு வந்தது. முழங்கையில் ஒரு மடிப்பு விழுந்தது. அதைத் தொட்டுப் பார்த்து அவளுக்குச் சந்தோஷமும் வயிற்றெரிச்சலும் ஒன்றாக வந்தன.

இரண்டே கால் கிலோ ஆன அன்று அவள் ஒரு காரியம் செய்தாள். சொல்லவே நா கூசுகிறது. பிள்ளை வாயைத் திறந்து மார்பைத் தேடியபோது அவள் துணியை இழுத்து மூடிக்கொண்டாள். கொஞ்சம் மெதுவாக வளர்ந்தால் என்ன, ஒரு மாசம், ரெண்டு மாசம்? பாகாஸ் அழவில்லை. இன்னும் அவ்வளவு தெம்பு வரவில்லை அவனுக்கு. துணியின் மேலேயே வாயை வைத்துச் சப்பினான். துணி நனைந்தது, அவன் எச்சிலால் பாதி, அவள் பாலால் பாதி. "பாவி, நான் பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டு மேல்துணியை விலக்கினாள். அன்றைக்கு இரண்டு பக்கமும் காலியாகும் வரை கொடுத்தாள். அதற்குப் பிறகு ஒரு வேளைகூடத் தவறவில்லை.

எடை பார்க்கிற நாள். ஊர்த் தலைவர் வீட்டுக் கூடத்தில் உத்தரத்திலிருந்து தராசு தொங்கியது. பெண்கள் சுற்றி நின்றார்கள். பிள்ளையைத் துணித்தூளியில் போட்டார்கள். முள் ஆடி, நின்றது. ரெத்னோ குனிந்து பார்த்து, "ரெண்டு அறுநூறு!" என்று கத்தினாள்.

"அல்ஹம்துலில்லாஹ்!" பெண்கள் கைதட்டினார்கள். விந்தார்த்தி அழுதாள். "பாரு, ஆனந்தக் கண்ணீர்" என்றாள் ஒருத்தி.

அழுதுகொண்டே பிள்ளையைத் தூளியிலிருந்து எடுத்து, பழக்கத்தில் மறுபடியும் மார்போடு வைத்துக் கட்டிக்கொண்டாள். ரெத்னோ சிரித்தாள். "அடியே, இனிமே எதுக்குக் கட்டு? இன்னிக்கிலேருந்து உனக்கு விடுதலை!"

குஸ்மியாத்தி பக்கத்தில் வந்து இரண்டு கையையும் நீட்டினாள். விந்தார்த்தி முடிச்சைத் தேடினாள். தினமும் எத்தனையோ தடவை போட்டு அவிழ்த்த முடிச்சு, விரலுக்கு அகப்படவில்லை.

"இரு, நான் அவுக்கிறேன்" என்று குஸ்மியாத்தி பின்னால் போய் நின்று, நோகாமல், பொறுமையாக அவிழ்த்தாள். துணி தளர்ந்தது. பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, விந்தார்த்தியின் ஈரமான வெற்று மார்பைத் தன் சால்வையால் போர்த்திவிட்டாள். அவள் குரலில் உண்மையான கரிசனம் இருந்தது.

"ரொம்பக் கஷ்டப்பட்டுட்ட, பாவம். போய்க் கொஞ்சம் நிம்மதியாத் தூங்கு."