உச்சிக் கோட்டைத் தொட்ட காற்று

எண்பதுகளின் நடுவில் கோலாலம்பூரில் ஒரு வானளாவிய கட்டடம் எழும்பவிருந்தது. புயல்காற்று தள்ளினால் அதன் உச்சி எவ்வளவு ஆடும் என்று கணக்குப் போட, காற்றின் வேகம் தெரிய வேண்டும். கடல் தாண்டி வரும் சுமத்ரா காற்று முதலில் அறைவது எங்கள் பக்கத்தைத்தான். அதனால் கோலசிலாங்கூர் அருகே, எங்கள் தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலையின் உயரமான தண்ணீர்த் தொட்டிக்கு மேல் ஒரு காற்று மீட்டரைப் பொருத்தினார்கள். மேலே கிண்ணங்கள் சுழலும். கீழே பெட்டிக்குள் பேனா தாளில் கோடு போடும். வாரம் ஒருமுறை தாளை மாற்றுவது என் வேலை.

உயரம் பயமா என்று கேட்டபோது, தென்னை மரத்திலேயே வளர்ந்தவன் என்று சொல்லித்தான் அந்த வேலையை வாங்கினேன். எண்ணெய் போட மேலே ஏற வேண்டிய நாளில் எனக்குத் தவறாமல் வயிறு வலிக்கும். எனக்குப் பதிலாக, ஆட்களை மேய்க்கும் ஆலை மண்டோர் ஏறுவார். முதல் மாதமே தாளைத் தலைகீழாக மாட்டி, இலைகூட அசையாத ஒரு வாரத்தில் பேய்ப்புயல் அடித்ததாகக் காட்டிய பெருமையும் எனக்குண்டு.

பிறகு நிஜமாகவே அடித்தது. காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்து ஆட்கள் வேலைக்காட்டுக்குக் கிளம்பிய நேரம். நாங்கள் குடியிருந்த லயத்தில் ஐந்து வீட்டுக் கூரைத் தகரம் பறந்தது. பெட்டியைத் திறந்தால், பேனா தாளின் உச்சிக் கோட்டைத் தொட்டிருந்தது.

தாளைப் பார்க்க கோலாலம்பூரிலிருந்து வந்த கட்டட இஞ்சினியர் தமிழர்தான்.

"மறுபடியும் தலைகீழா மாட்டிட்டியா தம்பி?"

இல்லை என்றேன். அந்த அளவை ஏற்றால் தூண்களைத் தடிப்பாக்க வேண்டும், வரைபடத்தையே மாற்ற வேண்டும் என்று அலுத்துக்கொண்டார். தாளின் ஓரத்தில் 'மீட்டர் கோளாறு' என்று எழுதி என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் மறுபடி செம்பனைக் குலை வெட்டப் போகலாம்.

"போட மாட்டேன் சார். அஞ்சு வீட்டுத் தகரம் பறந்துச்சே, அதுக்கும் மீட்டர் கோளாறுன்னு எழுதவா?"

"தகரம் எப்பவும் பறக்கும் லா. மேல மீட்டர் போல்ட்டு கழண்டிருக்கும். நீ ஏறிப் பாத்தியா?"

பார்க்கவில்லை. கோபத்தில் ஏணியில் கால் வைத்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டே ஏறினேன்; அப்படியாவது எவ்வளவு உயரம் என்று தெரியாமல் இருக்கட்டும். உச்சியில் தடவிப் பார்த்தேன். எல்லா போல்ட்டும் இறுக்கமாகவே இருந்தன. கண்ணைத் திறந்தேன். கடற்கரையிலிருந்து ஆலை வரைக்கும் ஒரு பட்டை போல செம்பனைகள் சாய்ந்து கிடந்தன, எல்லாம் ஒரே திசையில்.

"நீங்களே ஏறி வந்து பாருங்க சார்."

காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறி வந்தார். போல்ட்டுகளை ஆட்டிப் பார்த்தார். பிறகு மரங்களைப் பார்த்தார்.

"சரி, கணக்குல சேத்துக்கிறேன். வா, இறங்கு."

"முதல்ல எழுதுங்க சார். அப்புறம் இறங்குறேன்."

என்னை முறைத்தார். சட்டைப் பையிலிருந்த தாளைத் தொட்டி மூடிமேல் விரித்தார். 'கோளாறு' என்பதை அடித்து, அளவு சரி என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

என் பிடிவாதத்தைக் கண்டு அவர் அசந்துபோனதாக ஆலையில் பேச்சு. உண்மையில் என் கால்கள் அங்கேயே மரத்துப்போயிருந்தன. ஒவ்வொரு படியாக என் கணுக்காலைப் பிடித்து வைத்து இறக்கியதே அந்த இஞ்சினியர்தான். ஆனால் கால் நன்றாக இருந்திருந்தாலும், அவர் எழுதாமல் நான் இறங்கியிருக்க மாட்டேன்.