கை தூக்காத ஞாயிற்றுக்கிழமை

“ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி. வார்டு கிராமசபை. குளத்துப் பின்புற நடைவழிக்குக் கான்கிரீட்: மூன்று கை குறைவு, தள்ளிவைப்பு.” போன வருட நாட்குறிப்பில் நான் எழுதியது இவ்வளவுதான்.

கேரள எல்லையோரம் வெள்ளறடைப் பக்கம் எங்கள் ஊரில் கிராமசபைக்கு வருகிறவர்கள் பள்ளிக்கூட ஹாலில் கட்சிவாரியாகத்தான் உட்காருவார்கள். கல்யாணப் பந்தியில்கூட இப்போது அப்படித்தான். நான் வழக்கம்போல் கதவோரம் எங்கள் ஆட்களோடு இருந்தேன்.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுந்தார். வீடு குளத்துக்குப் பின்புறம்; பனச்சமூடு சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விற்பவர். ரப்பர் தோட்டத்தில் விழுந்த கணவருக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் நாற்காலியோடு நான்கு பேர் சேற்றில் தூக்கி ரோட்டுக்கு வர வேண்டும். மழையில் ஒருமுறை எல்லோருமே வழுக்கி விழுந்திருக்கிறார்கள்.

“ஆட்டோ முற்றம் வரைக்கும் வந்தா மதி. வேற ஒண்ணும் வேண்டாம்” என்றார்.

கை தூக்கச் சொன்னபோது பக்கத்து நாற்காலிக்காரர் என் முழங்கையைப் பிடித்தார். “சாரே, கையப் பொக்காண்டாம். அவ அவங்க ஆளாக்கும். இருக்க இடத்தப் பாத்தீரில்லியா?”

எதிர்ப்பக்கம் ஒருவர் கத்தினார்: “உங்க ஆளுக்க வழின்னா ரெண்டு கையும் பொக்குவியளே மக்கா! இப்ப கை ஒட்டிப் போச்சா?”

ஹாலே சிரித்தது. அந்தச் சிரிப்பில் எனக்கு வீம்பு வந்துவிட்டது. கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

கூட்டம் முடிந்து வாசலில் அந்தப் பெண்ணிடம் கேட்டேன்: “நீ எப்பம்மா அங்கோட்டு மாறின?”

“எங்க மாறினேன் சாரே?”

“அவங்க பக்கம் இருந்தியே.”

“அங்க ஃபேன் உண்டு. வெயில்ல நடந்து வந்தேனாக்கும்.”

கோபமே இல்லாமல் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினார்.

மறுநாளே நடைவழிக்காக மனு எழுதினேன். எதிர்ப்பக்கம் கத்திய மனிதரின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் மனுவை வாங்கிப் படித்துவிட்டு, “நாங்களும் எங்க ஆளுன்னுதான் பொக்கினோம்” என்று கையெழுத்துப் போட்டார்.

அடுத்த கிராமசபையில் இருவரும் சேர்ந்து பேசினோம். தீர்மானம் நிறைவேறியது. ஆனால் வருகைப் பதிவேட்டில் அந்தப் பெண்ணின் கையெழுத்து இல்லை.

ஒருவருக்கு என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன்பே அவர் யார் ஆள் என்று பார்த்த என் கண்ணை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. அந்த இரண்டாவது கூட்டத்தன்று அந்தப் பெண் வாசல்வரை வந்து, எங்கே உட்காருவதென்று தெரியாமல் திரும்பிப் போனதாக ஒருவர் சொன்னார். அதை இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.