பத்து ‘இல்லை’

சஜின் அண்ணன் என் பெரியப்பா மகன். குளச்சல்காரர். ஐந்து வருடமாகக் குவைத்தில் கடலுக்குள் மூழ்கி, கப்பல்களின் அடியில் ஒட்டும் சிப்பியைச் சுரண்டுகிறார்.

மூன்று வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு குவைத்தின் மங்காஃப் பகுதிக்கு வேலைக்கு வந்த எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. தமிழ்ச் சங்க விழாவை இழுத்துப் போட்டுக்கொண்டேன். கறுப்பு வெள்ளைக் காலத்து டிவி விளையாட்டு ஒன்றை மேடையேற்றுவதாகத் திட்டம். விருந்தாளி ‘ஆமா’, ‘இல்லை’ மட்டும்தான் சொல்லலாம். அவரை அறியாத மூன்று பேர் கேள்வி கேட்டே அவர் தொழிலைக் கண்டுபிடிக்க வேண்டும். பத்து ‘இல்லை’ விழுந்தால் தோற்றார்கள். அண்ணனைவிட நல்ல விருந்தாளி யார் கிடைப்பார்?

மேடை ஏறும் முன், நேரலை ஓடுகிறது, ஊரில் அண்ணன் மனைவி சுபிஷா மைனியும் பார்க்கிறாள் என்றேன். அண்ணன் முகம் வெளிறியது.

“எனக்க வேல அவளுக்குத் தெரியாது பிள்ளே. ஸ்டோர்ல இருக்கேன்னுதான் சொல்லியிருக்கேன்.”

மைனியின் அப்பா கடலோடு போனவர். கடலில் இறங்கமாட்டேன் என்று சத்தியம் வாங்கித்தான் அவள் கழுத்தை நீட்டினாள். நிறுத்திவிடலாமா என்று கேட்பதற்குள் பெயரை அழைத்துவிட்டார்கள். பத்து ‘இல்லை’ சொன்னால் தப்பித்தேன் என்று அவர் ஏறிவிட்டார்.

வெயிலில் வேலையா? இல்லை. ஏசியிலா? இல்லை.

“வெயிலும் இல்ல, ஏசியும் இல்ல. அப்ப இவரு குவைத்துலயே இல்ல” என்றார் கேள்வி கேட்கும் மூவரில் ஒருவரான பத்திநாதன். அரங்கு சிரித்தது. நான் மேடையோரம் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். டூட்டி முடியும்போது நனைந்திருப்பீர்களா என்று நர்ஸ் சுகிர்தராணி கேட்டார். ஆமா. என் நடை நின்றது. அவரோ வேர்வை என்று எடுத்துக்கொண்டு சமையலறை, சலவைக்கடை, பேக்கரி என்று போய்விட்டார்.

பத்தாவது ‘இல்லை’யில் அண்ணன் கையை உயர்த்தினார். கடைசி விதியை அவரிடம் சொல்லாதது அப்போதுதான் எனக்கு உறைத்தது: ஜெயித்தவர் தன் தொழிலைத் தானே சொல்ல வேண்டும். மைக்கை நீட்டிவிட்டார்கள். அடுத்த விருந்தாளியைக் கூப்பிட நான் மேடைக்கு ஓடினேன். அண்ணன் என்னைக் கையமர்த்தினார்.

“கடலுக்குள்ள முங்கி, கப்பலுக்க அடியில சிப்பி சுரண்டுறேன். அஞ்சு வருசமா.”

கைதட்டல் அடங்குமுன் அவர் போன் அடித்தது. ஓரமாக வந்து எடுத்தார்; பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. மைனி அழவில்லை, ஏசவில்லை.

“நீங்க முங்கும்போ மேல நின்னு கயிறு பிடிக்கது ஆரு?”

“ஈசா.”

“அவருக்க நம்பர அனுப்புங்க.”

அனுப்பினார். மூன்றாவது வரிசையில் கைதட்டிக்கொண்டிருந்த ஈசாவின் சட்டைப்பையில் போன் அடித்தது. எழுந்து வெளியே போனவர், அடுத்த இரண்டு விருந்தாளிகள் வந்து போகும்வரை திரும்பவில்லை.