மூன்று ட்ரம் மெஷின்களும் என் தங்கையின் குதிகாலும்

என் மேஜையில் மூன்று பழைய ட்ரம் மெஷின்கள், அதாவது பட்டனை அழுத்தினால் தானே தாளம் போடும் பெட்டிகள், இருந்தன. மூன்றும் நான் பிறப்பதற்கு முன்னாலோ, பிறந்த சில வருடங்களிலோ ஜப்பானில் செய்யப்பட்டவை. காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை விளம்பரங்களுக்கும் கல்யாண வீடியோக்களுக்கும் சர்ச் பாடல்களுக்கும் இசை சேர்ப்பது என் தொழில். லேப்டாப்பிலேயே இந்தச் சத்தமெல்லாம் வருகிறதே என்று கேட்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. பெட்டியை ஸ்பீக்கரில் இணைத்து ஒரு பட்டனை அழுத்திக் காட்டுவேன். பெரும்பாலும் அதோடு பேச்சு முடிந்துவிடும்.

முதல் பெட்டிக்குள் எந்த ட்ரம்மின் பதிவும் கிடையாது. உள்ளே இருக்கும் சர்க்யூட்டே சத்தத்தை உண்டாக்கும். அதன் பேஸ் ட்ரம் நிஜ ட்ரம் போலவே இருக்காது. ‘தூம்’ என்று ஆரம்பித்து இழுத்துக்கொண்டே போகும். இரண்டாவது பெட்டியில் நிஜ ட்ரம்மை அடித்துப் பதிவு செய்து சிப்பில் அடைத்திருக்கிறார்கள். கறாரான, குட்டையான அடி. மூன்றாவதில் நாமே எந்தச் சத்தத்தையும் பதிந்துகொண்டு ரப்பர் பட்டன்களை விரலால் தட்டி வாசிக்கலாம்.

அந்த மூன்றாவது என்னுடையது அல்ல. கச்சேரிக் குழு ஒன்றில் ரிதம் பேட் வாசிக்கும், தொழிலில் பழக்கமான அண்ணன் ஒருவருடையது. அவர் வீட்டில் எல்லோரும் தறியில் உட்கார, இவர் மட்டும் திருவிழா மேடைகளில் உட்காருகிறவர். என் அறையில் தூசி குறைவு என்று சொல்லிப் பெட்டியை இங்கே வைத்தவர், அதைப் பார்க்கும் சாக்கில் அடிக்கடி வந்து போவார். எது உசத்தி என்று எங்களுக்குள் சண்டை ஓயாது. எனக்கு இரண்டாவது, அவருக்கு மூன்றாவது. முதல் பெட்டிதான் கடைசி என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து.

அதை மாற்றியது என் தங்கை. அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறாள். வாடிக்கையாளர்களோடு சைகையிலும், போனில் எழுதிக் காட்டியும் பேசிக்கொள்வாள். அவளும் காதுகேளாதோர் பள்ளியில் அவளோடு படித்த தோழிகளுமாக ஆறு பேர் ஒரு நடனக் குழு நடத்துகிறார்கள். மேடைக்குக் கீழே ஒருவர் நின்று கையசைத்துத் தாளம் காட்டுவார். அவரைப் பார்த்து ஆடுவார்கள். எல்லா ஊரிலும் அப்படித்தான் வழக்கம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான மாவட்ட விழாவில் ஆட அழைப்பு வந்தபோது, இந்த முறை கையசைப்பவர் வேண்டாம் என்று தங்கை சொல்லிவிட்டாள். ஜனங்கள் எங்களைப் பார்ப்பதில்லை, அவர் கையைப் பார்க்கிறார்கள், பார்த்துவிட்டு ‘பாவம்’ என்கிறார்கள் என்றாள். அந்த வார்த்தையை உதட்டசைவில் படிக்க அவளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. தாளத்தை வேறு வழியில் என் உடம்புக்குக் கொண்டுவா, நீ அந்த வேலைதானே பார்க்கிறாய் என்று கைகளால் என்னை நெருக்கினாள்.

முடியும் என்றேன். சந்தேகமே வரவில்லை எனக்கு. சவுண்ட் சர்வீஸிலிருந்து அடித்தொனியை அதிரவைக்கும் பெரிய ஸ்பீக்கர்களான பேஸ் பாக்ஸ்கள் இரண்டை வரவழைத்து, எங்கள் மொட்டை மாடியில் கட்டைகளுக்கு மேல் ப்ளைவுட் பலகைகளைப் பரப்பி, பாக்ஸ்களைப் பலகைக்கு அடியில் தள்ளினேன். ஆறு பேரும் வெறுங்காலோடு மேலே ஏறி நின்றார்கள்.

என் செல்லமான இரண்டாவது பெட்டியை முதலில் ஓடவிட்டேன். என் காதுக்கு அது அற்புதமாக இருந்தது. அவர்கள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ ஆணி அடிப்பது போல இருக்கிறது என்றாள் தங்கை. அடி குட்டையாக இருந்ததால் கால் அதைப் பிடிப்பதற்குள் போய்விடுகிறது என்று எனக்குப் புரிந்தது. அண்ணன் மூன்றாவதில் தவிலைப் பதிந்து வந்திருந்தார். பலகை முழுக்க ஒரே அதிர்வாக அதிர்ந்ததே தவிர, அடி எங்கே விழுகிறது என்று அவர்களுக்குப் பிரித்தெடுக்க முடியவில்லை.

மிச்சமிருந்த முதல் பெட்டியை நான் எடுத்தபோது அண்ணன் சலித்துக்கொண்டார். “இது வேணாம்மா. விளையாட்டுப் பொட்டி மாதிரி இருக்குது.”

இருந்தும் பட்டனை அழுத்தினேன். தங்கையின் தோழிகளில் ஒருத்தி காலைச் சட்டென்று தூக்கிக்கொண்டு, பிறகு மெதுவாகத் திரும்ப வைத்தாள். தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கண்ணை மூடினால் பேச்சை நிறுத்திவிட்டாள் என்று அர்த்தம். நாங்கள் யாரும் அந்த நேரம் அவளுக்குத் தேவையில்லை. திறந்தபோது, குதிகாலில் நுழைந்து முழங்கால் வழியாக வயிற்றுக்கு வருகிறது என்று விரலால் தன் உடம்பில் கோடு இழுத்துக் காட்டினாள்.

நாங்கள் ஏளனமாக நினைத்த அந்த நீண்ட இழுவைதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. ஆனால் வேகத்தைக் கூட்டியதும் அதுவே தொல்லையானது. “அடி ஒண்ணோட ஒண்ணு சிக்கு விழுந்துக்கினு இருக்குதுமா,” என்றார் அண்ணன், குனிந்து பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு. இழுவையைக் குறைக்கும் குமிழை நான் திருகப் போனேன். தங்கை என் கையைத் தள்ளிவிட்டாள். ஒரு காலைப் பலகையில் ஊன்றிக்கொண்டு, தானே திருகித் திருகி ஓரிடத்தில் நிறுத்தினாள். என் காதுக்கு அது கொஞ்சம் நீளம்.

‘சட்’டென்று மேலாக விழும் ஸ்னேர் ட்ரம்மின் சத்தம் பலகைக்குள் இறங்கவே இல்லை. அதற்குப் பதிலாக அதே பெட்டியில் இருந்த ‘டாம்’ என்ற கனத்த ட்ரம்மின் சத்தத்தை பேஸ் ட்ரம்முக்குச் சற்று மேலே சுருதி வைத்தேன். ஒன்று உள்ளங்காலைத் தட்ட, மற்றது முழங்காலுக்கு ஏற, ஒரு சுற்று எங்கே தொடங்குகிறது என்று அவர்களுக்குத் தெளிவாகிவிட்டது. அதற்குப் பின் விழா வரைக்கும் சாயங்காலங்களில் எங்கள் மாடி அதிர்ந்துகொண்டே இருந்தது.

விழாவன்று காலையில் அரங்கத்துக்குப் போனால் மேடை சிமென்ட். சிமென்ட்டை எந்த பேஸ் பாக்ஸாலும் அசைக்க முடியாது. ஏற்பாடு செய்தவர்கள், பேசாமல் ஒருவரைக் கையசைக்க நிறுத்திவிடலாமே என்று நல்ல மனதோடுதான் சொன்னார்கள். தங்கை தலையை ஆட்டி மறுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அண்ணன் தனக்குத் தெரிந்த பந்தல்காரரிடம் ஓடி, மேடை போடும் பலகைகளையும் கட்டைகளையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். மாடியில் செய்ததையே மேடை அளவுக்குச் செய்தோம். பாட்டு லேப்டாப்பிலிருந்து அரங்கத்து ஸ்பீக்கர்களுக்குப் போனது. அதோடு தாளம் பிசகாமல் இணைக்கப்பட்ட பழைய பெட்டியின் சத்தம், பலகைக்கு அடியில் இருந்த எங்கள் பாக்ஸ்களுக்குத் தனியாகப் போனது.

ஆட்டம் பாதி கடந்திருக்கும். அரங்கத்து ஸ்பீக்கர்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் செத்துவிட்டன. பாட்டு அறுந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேடையில் ஆறு பேரும் ஆடிக்கொண்டே இருந்தார்கள். பலகைக்கு அடியில் பெட்டியின் தாளம் நிற்கவில்லை. அவர்களுக்கு எதுவும் குறையவில்லை. நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியவர் அவர்களை நிறுத்த மேடையை நோக்கி விரைந்தார். நான் குறுக்கே போய் நின்றேன்.

“நிறுத்தாதீங்க சார். அவங்களுக்கு இன்னும் ஓடிக்கினு இருக்குது.”

அவர் மேடையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், நின்றுவிட்டார். அவ்வளவு பெரிய அரங்கில் அந்தத் ‘தூம்’ மட்டும் கேட்டது, அதன்மேல் பன்னிரண்டு பாதங்கள். கடைசியில் ஆறு பேரும் பார்வையாளர்களுக்கு முதுகு காட்டித் திரும்ப வேண்டும், ஒருவரையொருவர் பார்க்காமல் ஒன்றாகக் குதிக்க வேண்டும். குதித்தார்கள். ஒரே சத்தம். காது கேளாத பார்வையாளர்கள் இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி ஆட்டினார்கள்; அது அவர்களுடைய கைதட்டல். மற்றவர்களும் அவர்களைப் பார்த்து அப்படியே செய்தார்கள்.

கீழே இறங்கியதும் தங்கை, ஏன் முன்வரிசையில் முழித்தார்கள், என் பாவாடையில் ஏதாவது பிரிந்துவிட்டதா என்று கேட்டாள். பாட்டு நின்றுபோனதைச் சொன்னேன். நம்பவில்லை. அண்ணனிடமும் விசாரித்தாள். அப்புறம் தோழிகளிடம் சொல்ல, ஆறு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவள் என் பக்கம் திரும்பி, பெட்டி மட்டும் கேட்டபோது எப்படி இருந்தது என்றாள். நன்றாக இருந்தது என்றேன். உண்மையாகவே நன்றாக இருந்தது.

அப்படியானால் அடுத்த முறை பாட்டு எதற்கு என்று கேட்டாள்.

இப்போது அவர்களுக்காகப் பாட்டே இல்லாத, தாளம் மட்டுமே உள்ள ஒரு கோவை செய்துகொண்டிருக்கிறேன். காதுக்கு அல்ல, காலுக்கு இசை அமைப்பது தனி வித்தை. அதில் நான் வேகமாகத் தேறி வருகிறேன். முதல் பெட்டி, ஒரு பேஸ் பாக்ஸோடும் ஒரு பலகையோடும், தங்கையின் தையல் கடைக்குக் குடிபோய்விட்டது. ஓர் அதிர்வு காலுக்குப் பிடித்துவிட்டால் படம் எடுத்து அனுப்புகிறாள், குமிழ்கள் எந்தெந்தத் திசையில் நிற்கின்றன என்று. நான் அதைப் பெரிதாக்கிப் பார்த்து, அதற்கேற்றபடி மற்றதை எழுதுகிறேன்.