நாலு எலுமிச்சையும் இரண்டு எஞ்சினும்

பழைய கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எங்கள் தமிழ்ச் சங்கக் கையெழுத்துப் பத்திரிகைக்கு இதை எழுதுகிறேன். எல்லோரும் தூங்குகிறார்கள். அப்பா பார்த்தால் திட்டுவார். அதனால் பெயர் போடவில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நானும் அப்பாவும் டெக்சஸில் எங்கள் ஊரான கேட்டியிலிருந்து கிளம்பினோம். ஃப்ரீவேயில் மேற்கே நாற்பத்தைந்து மைல் போனால் கொலம்பஸ் என்ற சின்ன ஊர். போக வர பெட்ரோல் ஏழு டாலர்.

விற்பவர் ஒரு தாத்தா. அவர் கொட்டகையில் 1967ஆம் வருடத்துக் கார்கள் இரண்டு இருந்தன. ஒன்றில் 327 கன அங்குல எஞ்சின், முந்நூறு குதிரைசக்தி. இன்னொன்றில் 427, மூன்று கார்புரேட்டர், நானூற்று முப்பத்தைந்து குதிரைசக்தி, ஏசி கிடையாது. அதன் பானெட் நடுவில் புடைத்திருக்கும், பார்த்தாலே தெரியும்.

“எடுத்தா பெருசுதான்டி,” என்றார் அப்பா.

முதலில் 327. அப்பா பையிலிருந்து நாலு எலுமிச்சையை எடுத்து நாலு டயருக்கும் கீழே வைத்தார்.

“வாட்ஸ் தட் ஃபார்?” என்றார் தாத்தா.

“இண்டியன் இன்சூரன்ஸ்,” என்றார் அப்பா.

தாத்தா விழுந்து விழுந்து சிரித்தார். கார் பழங்களை நசுக்கிக்கொண்டு சமர்த்தாகப் போய் வந்தது.

427க்கு எலுமிச்சை மிச்சமில்லை. அப்பாவின் கால் சென்னையில் அம்பாசடர் ஓட்டிப் பழகிய கால். கிளட்சை விட்டதும் பின்சக்கரங்கள் சுழன்று, கார் பக்கவாட்டில் வழுக்கியது. கார் நின்றபோது ஓரத்து வேலிக்கம்பி என் ஜன்னலுக்கு ஒரு முழம்தான் தள்ளி இருந்தது.

“எலுமிச்சை வைக்கல, அதான்,” என்றார் அப்பா. “கடையில வாங்கிட்டு வந்து இன்னொரு தரம் பாக்கலாம்.”

இன்னொரு தரம் அந்த சீட்டில் உட்கார என்னால் முடியாது. அதைவிட, அவரை மட்டும் அதில் அனுப்ப முடியாது.

“வேணாம்ப்பா. எனக்கு பயமா இருக்கு.”

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் இறங்கி, தாத்தாவிடம் உடனே, “மை டாட்டர் இஸ் ஸ்கேர்ட். வீ வில் டேக் தி ஸ்மால் ஒன்,” என்றார். சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது அது அவர் விரலில் கிலுகிலுவென்று ஆடியது.

வீட்டில் அம்மாவிடமும், “இவ பயந்துட்டா, அதான் சின்ன எஞ்சின்,” என்றார். நான் மறுக்கவில்லை.

போகிறவர்கள் வெயிலுக்கு முன் போங்கள். ஏசி இருக்கிறதா என்று கேளுங்கள். எலுமிச்சை எட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லும் ஒருவரையும் கூட்டிப் போங்கள். ஓட்டுகிறவர் சொல்ல மாட்டார்.